மின் போர்வை: அடியில் விரிப்பதா, மேலே போர்த்துவதா?

மின் போர்வை வாங்கப் போகிறவர்கள் திணறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. மெத்தைமேல் விரித்து அதன்மேல் படுப்பது ஒன்று. உடல்மேல் போர்த்திக்கொள்வது இன்னொன்று. மெத்தை உறைபோல இழுத்து மாட்டுவது மூன்றாவது. அடாப்டர் வைத்துக் குறைந்த வோல்டேஜில் ஓடுவது நான்காவது. படத்தில் எல்லாமே மெத்தென்றுதான் தெரியும். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதோ துணியின் மென்மையும், எத்தனை சூட்டு நிலைகள் என்ற எண்ணிக்கையும். இவை இரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை.

முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். சூடு எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும்? நீங்கள் தூங்கும்போதும் அது ஓட வேண்டுமா? அதில் படுக்கப்போவது யார்? மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம், அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

## யாருக்கு வாங்கக் கூடாது

சூட்டை உணர முடியாதவர், உணர்ந்தாலும் தானே நகரவோ சுவிட்சை அணைக்கவோ முடியாதவர்: இந்த இரு சாராருக்கும் எந்த வகையும் பொருந்தாது. 44 டிகிரி செல்சியஸ் சூடு ஒரே இடத்தில் ஏறக்குறைய 6 மணி நேரம் பட்டுக்கொண்டிருந்தாலே தோல் வெந்துவிடும். கைக்கு இதமாகத் தோன்றும் சூடுதான் அது. நல்ல உணர்ச்சி உள்ளவர் தூக்கத்திலேயே புரண்டு விலகிவிடுவார். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர், தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்தவர் விலகுவதில்லை. பாதக் குளிருக்காகவே இதைத் தேடுபவர்களில் சர்க்கரை நோயாளிகள் பலர் என்பதுதான் சிக்கல். குளிர்வதுபோல் தோன்றும் அதே பாதத்துக்குச் சூடு தெரியாமலும் இருக்கலாம்.

கைக்குழந்தைகளுக்கும் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கூடவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபின் முடிவு செய்யட்டும். படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் எதுவும் வேண்டாம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

சூட்டின் திசை. அடியில் விரித்த போர்வைக்குக் கீழே மெத்தை இருக்கிறது, மேலே நீங்களும் உங்கள் ரஜாயும். சூடு தப்பிப்போக வழியில்லை. மேலே போர்த்திய போர்வை சூட்டில் ஒரு பகுதியை அறைக்குக் கொடுத்துவிடும். அதனால் ஒரே அளவு வெதுவெதுப்புக்கு அடியில் இருப்பதற்குக் குறைந்த வாட் போதும். "இது 150 வாட், அது 70 வாட், ஆகவே இது இருமடங்கு சூடு" என்ற கணக்கு இங்கே செல்லாது.

கண்ட்ரோலர். போர்வையின் மூளை இதுதான். மலிவான வகையில் இது வெறும் நிலை மாற்றும் சுவிட்ச். எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று மட்டும் தீர்மானிக்கும். போர்வை எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நல்ல வகையில் சூடாக்கும் கம்பியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் படலமும், அதற்கு வெளியே சூட்டை உணரும் இன்னொரு கம்பியும் ஓடும். கம்பி நெடுகச் சூடு எப்படி இருக்கிறது என்பதைக் கண்ட்ரோலர் இதை வைத்துக் கண்காணிக்கும். எங்காவது அளவு மீறினால் படலம் உருகி இரண்டு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும், உடனே ஃபியூஸ் போய்விடும். அப்படிப் போன போர்வை அதோடு முடிந்தது. அதைச் சரிசெய்ய முயலக் கூடாது. சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் கூட்டிக்கொண்டு மின்னோட்டத்தைத் தானே குறைக்கும் கம்பி கொண்டவையும் உண்டு. 3 நிலையா 10 நிலையா என்பதைவிட இந்த உணரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

தானாக அணையும் நேரம். சோபாவுக்கு 3 மணி நேரம் தாராளம். இரவு முழுக்க ஓட வேண்டுமானால் 9 முதல் 12 மணி நேர டைமர் வேண்டும். கூடவே, இரவு முழுவதும் பயன்படுத்தலாம் என்று கையேட்டில் எழுதியும் இருக்க வேண்டும். டைமர் மட்டும் இருப்பது அந்த அனுமதி ஆகாது.

மின்சாரம் போய் வந்தால்? இதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு. பொத்தான் அழுத்தும் டிஜிட்டல் கண்ட்ரோலர் பெரும்பாலும் மின்சாரம் திரும்பியதும் அணைந்த நிலையிலேயே இருக்கும். தள்ளும் சுவிட்ச் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மடித்துக் கிடக்கும் போர்வை சூடாவது இப்படித்தான். தள்ளும் சுவிட்ச் வகை வாங்கினால், எழுந்ததும் பிளக்கைப் பிடுங்குவதைப் பழக்கமாக்க வேண்டும். தூய சைன் அலை (வீட்டு மின்சாரம்போன்ற சீரான அலைவடிவம்) தராத இன்வெர்ட்டரிலும் இதை ஓட்டாதீர்கள், டிஜிட்டல் கண்ட்ரோலர் தாறுமாறாக நடந்துகொள்ளலாம்.

தரச் சான்று. இந்த வகைச் சாதனங்களுக்கென்றே உள்ள சர்வதேசத் தரநிலை ஐஇசி 60335-2-17. அதன் எண்ணோ, அதையொட்டிய உள்நாட்டுத் தரநிலையோ போர்வையில் தைத்த சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது.

மின்கட்டணம். பலர் முதலில் கேட்பது இது, கடைசியில் கவலைப்பட வேண்டியதும் இதுதான். 100 வாட் போர்வை முழு வேகத்தில் 8 மணி நேரம் ஓடினாலும் 0.8 யூனிட். சூடு வந்ததும் விட்டு விட்டு ஓடுவதால் உண்மையில் அதைவிடக் குறையும். 2000 வாட் அறை ஹீட்டர் முழு வேகத்தில் ஒரே மணி நேரத்தில் 2 யூனிட் எடுத்துவிடும்.

## அடிவிரிப்பு

மெத்தைமேல் விரித்து, அதன்மேல் மெல்லிய பெட்ஷீட் போட்டுப் படுப்பது. ஒற்றைக் கட்டிலுக்கு 50 முதல் 80 வாட், இரட்டைக் கட்டிலுக்கு 100 முதல் 150 வாட் என்பது வழக்கமான அளவு. படுப்பதற்கு 20 அல்லது 30 நிமிடம் முன்பு போட்டுவிட்டு, படுக்கும்போது அணைத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். மெத்தையில் ஏறிய சூடு தூக்கம் வரும்வரை தாங்கும். உடல் சற்றுக் குளிர்ந்தால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். இரவு முழுக்க உச்ச நிலையில் வைப்பவர்கள் நடுராத்திரியில் வியர்த்து எழுவதற்குக் காரணம் இதுதான்.

வாங்கும்போது கட்டும் முறையைப் பாருங்கள். நான்கு மூலையில் நாடா மட்டும் வைத்தது சில நாளிலேயே நடுவில் சுருண்டுவிடும். சுருக்கத்தில் ஒரு கம்பிமேல் இன்னொரு கம்பி படியும். அந்த இடத்தில் மட்டும் சூடு கூடும். இன்சுலேஷன் அங்கேதான் முதலில் கெடும். கருகிய தடங்களில் பல மடிப்பில்தான் கிடைக்கின்றன. சுற்றிலும் எலாஸ்டிக் உள்ளதோ, மெத்தைக்கு அடியில் கொண்டுபோய்க் கட்டும் நீள நாடா உள்ளதோ மேல்.

அளவு மெத்தையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். சூடாகும் பகுதி மெத்தை விளிம்பில் மடியக் கூடாது, தலையணைக்கு அடியிலும் வரக் கூடாது. பெரியதாக வாங்கி ஓரத்தைச் செருகிக்கொள்ளலாம் என்பது சாதாரணப் போர்வைக்குச் சரி, இதற்கு ஆகாது.

மெமரி ஃபோம் மெத்தை இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த நுரை சூட்டில் இளகும்; சூட்டை வெளியே விடாமல் பிடித்தும் வைக்கும். மெத்தைத் தயாரிப்பாளர், போர்வைத் தயாரிப்பாளர் இருவரின் கையேட்டிலும் அனுமதி இருந்தால் மட்டுமே சேருங்கள். தலைப்பகுதி எழும்பும் கட்டில், தண்ணீர் மெத்தை இரண்டுக்கும் அடிவிரிப்பு பொருந்தாது. அடிவிரிப்புக்கு மேலே தடித்த பஞ்சு விரிப்பு போடுவதும் தவறு. சூடு உங்களிடம் வராது, உள்ளேயே தேங்கும்.

எப்போது இது சரி: படுக்கை ஜில்லென்று இருப்பதுதான் தொல்லை, தூங்கியபின் பிரச்சினை இல்லை என்பவர்களுக்கு.

## மேல்போர்வை

இதிலேயே இரண்டு வகை. சோபாவில் உட்கார்ந்து மடிமேல் போட்டுக்கொள்ளும் சிறியது ஒன்று, கட்டில் அளவுக்கு வரும் பெரியது ஒன்று. சிறியதில் 100 முதல் 150 வாட் வரை இருக்கும், 5 அல்லது 10 நிமிடத்தில் சூடு தெரியும். படிப்பவர், மேசையில் வேலை செய்பவர், மாலையில் மட்டும் குளிரும் முழங்காலுக்குச் சூடு தேடுபவர் இவர்களுக்கெல்லாம் இதைவிட வசதியானது இல்லை.

ஆனால் தப்பாகப் பயன்படுத்த மிக எளிதானதும் இதுவே. பாதத்தைச் சுற்றி மடித்துச் சுருட்டிக்கொள்வார்கள். அதன்மேலேயே உட்காருவார்கள். மேலே கனமான ரஜாயைப் போடுவார்கள். மூன்றிலும் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே ஏறும். போர்த்துவதற்கென்று செய்தது, அறைக்குச் சூட்டை இழந்துகொண்டே ஓடும் கணக்கில் செய்யப்பட்டது. அடியில் போட்டுப் படுத்தால் அந்தக் கணக்கு தவறிவிடும். போர்த்திக்கொண்டே எழுந்து நடந்து, ஒயர் இழுபட்டு, இணைப்பு முனை தளர்ந்துபோன போர்வைகளும் ஏராளம்.

கண்ட்ரோலர் குஷனுக்கு அடியில் புதைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் ஓரளவு சூடாகும், அந்தச் சூடு வெளியேற வேண்டும். பூனை நாய் உள்ள வீட்டில் நகமும் பல்லும் தனி ஆபத்து. அவை விரும்பி வந்து படுப்பது இதில்தான்.

மறைந்திருக்கும் செலவு துவைப்பதில் இருக்கிறது. தோலில் நேரடியாகப் படுவதாலும், தேநீர் சிந்துவதாலும் அடிவிரிப்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டிவரும். ஒவ்வொரு துவைப்பும் கம்பியின் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

எப்போது இது சரி: உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குச் சூடு வேண்டுமென்றால். படுக்கைக்காக மட்டும் வாங்குவதானால் அடிவிரிப்பே மேல்.

## மெத்தை உறை வகை

அடிவிரிப்பின் மூத்த சகோதரர் என்று சொல்லலாம். கம்பிகளுக்குமேல் பஞ்சு வைத்துத் தைத்திருப்பதால் முதுகில் உறுத்தாது. சுற்றிலும் இழுவை உறை இருப்பதால் சுருளாது. இருவர் படுக்கும் கட்டிலுக்கு என் தேர்வு இதுதான், அதுவும் இரண்டு கண்ட்ரோலர் உள்ளது. ஒருவருக்கு 2-ஆம் நிலை போதும், இன்னொருவருக்கு 6 வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இரண்டு பக்கமும் தனித்தனிச் சுற்றாக இருந்தால் ஒரு பக்கத்தை முழுவதும் அணைத்துவிடலாம். மாட்டும்போது இடம் வலம் மாறிவிட்டால் ஒருவர் நடுங்குவார், கண்ட்ரோலரைக் கூட்டிக்கொண்டே போவார், அடுத்தவர் வெந்துகொண்டிருப்பார். முதல் நாளே ஒரு பக்கத்தை மட்டும் ஓடவிட்டுக் கையால் தொட்டுப் பாருங்கள்.

அளவெடுக்கும்போது நீளம் அகலத்தோடு மெத்தையின் தடிமனையும் அளக்க வேண்டும். உறை ஆழம் போதாவிட்டால் மூலைகள் விடுபடும். வலிந்து இழுத்தால் தையலோடு கம்பியும் இழுபடும். இணைப்பு முனைகள் பெரும்பாலும் கால்மாட்டில் இருக்கும். அங்கிருந்து தலைமாடுவரை ஒயர் எட்டுமா, பிளக் பாயிண்ட் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே ஒயர் நசுங்கக் கூடாது.

இதன் மறைசெலவு எடை. நனைந்தால் கனக்கும் இந்த உறை சிறிய துவைக்கும் இயந்திரத்தில் அடங்காது. உலரவும் நாளாகும்.

## லோ வோல்டேஜ் வகை

அடாப்டர் மின்சாரத்தை 12 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். ஷாக் அடிக்கும் அபாயம் மிகக் குறைவு. ஈரம் பட வாய்ப்புள்ள படுக்கை, செல்லப்பிராணி உள்ள வீடு இவற்றுக்கு யோசிக்கலாம். ஆனால் "லோ வோல்டேஜ், ஆகவே சுடாது, தீப்பிடிக்காது" என்பது தவறு. 60 வாட் வெப்பம் எந்த வோல்டேஜிலும் 60 வாட்தான். 230 வோல்ட்டில் அதற்கு கால் ஆம்பியர் போதும். 24 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் ஓட வேண்டும், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். இவ்வளவு மின்னோட்டம் ஒரு சிறிய பின் வழியே போவதால் இந்த வகை முதலில் கெடுவது இணைப்பு முனையில்தான். அரை மணி நேரம் ஓடியபின் முனையைத் தொட்டுப் பாருங்கள். போர்வையைவிட அது சூடாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடாப்டர் போனால் கையில் கிடைத்த ஒன்றை மாட்ட முடியாது. வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. மாற்று அடாப்டர் தனியே கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

பயணத்துக்கு இது நல்லது. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டர் எங்கும் ஓடும். நேரடி மின்சார வகையில் அப்படி முடியாது: 120 வோல்ட் போர்வையை 240 வோல்ட்டில் செருகினால் வெப்பம் இருமடங்கு அல்ல, நான்கு மடங்கு. கார் சாக்கெட்டில் ஓட்டுவதானால் 12 வோல்ட் 60 வாட் போர்வை 6 மணி நேரத்தில் 30 ஆம்பியர்-மணி குடிக்கும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி காலி, காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம்.

## ஒரே பார்வையில்

| | அடிவிரிப்பு | மேல்போர்வை (சிறியது) | மெத்தை உறை | லோ வோல்டேஜ் |
|---|---|---|---|---|
| சிறந்த பயன் | படுக்கையை முன்கூட்டிச் சூடாக்க | உட்காரும்போது | இருவர் படுக்கை, நீண்ட நேரம் | ஈரம், பயணம் |
| சூடாக | 20–30 நிமிடம் | 5–10 நிமிடம் | 20–30 நிமிடம் | பெரும்பாலும் மெதுவாக |
| முதலில் கெடுவது | மடிப்பில் கம்பி | இழுபடும் இணைப்பு | மூலைத் தையல் | அடாப்டர், பின் |
| மறைசெலவு | நாடா வகையில் அடிக்கடி நேராக்குவது | துவைப்பு | எடை, உலர்த்துவது | மாற்று அடாப்டர் |
| தவிர்க்க வேண்டிய இடம் | மெமரி ஃபோம், மடங்கும் கட்டில் | அடியில் போட்டுப் படுக்க | மடங்கும் கட்டில் | மிகக் கடுங்குளிர் |

இரண்டு வகையை வாங்கினாலும் ஒரே படுக்கையில் ஒரே நேரத்தில் மேலும் கீழும் ஓட்டக் கூடாது. கூடவே சுடுநீர்ப் பையும் வைக்கக் கூடாது.

## இது எதுவுமே வேண்டாம் என்றால்

பாதம் மட்டும், அதுவும் தூக்கம் வரும்வரை மட்டும் குளிர்கிறது என்றால், காலுறையே போதுமா என்று பாருங்கள். அதிகாலையில் குளித்துவிட்டு வரும்போது அறையே குளிர்கிறது என்றால், போர்வை உதவாது, அதற்கு ஹீட்டர்தான். அறை முழுவதையும் இரவெல்லாம் சூடாக்குவதற்குப் பதிலாகப் படுக்கையை மட்டும் சூடாக்குவது என்ற இடத்தில்தான் மின் போர்வை வெல்கிறது.

## வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

கட்டில்மேல் முழுவதும் விரித்து, மேலே எதுவும் போடாமல், குறைந்த நிலையில் 15 நிமிடம் ஓடவிடுங்கள். உள்ளங்கையை வரிசை வரிசையாக வைத்துத் தடவுங்கள். எங்காவது ஜில்லென்ற பட்டை இருந்தால் ஒரு சுற்று ஓடவில்லை. ஒரு புள்ளி மட்டும் சுட்டால் கம்பிகள் நெருங்கிவிட்டன. இரண்டுக்கும் மாற்றித்தரக் கேளுங்கள். முதல் ஓரிரு முறை லேசான புதுவாசனை வரலாம். கருகல் நெடி வரக் கூடாது. கண்ட்ரோலரில் விளக்கு சிமிட்டிப் பிழை காட்டினால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இணைப்பு முனையைச் சொடுக்கென்று முழுவதும் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அது பாதி மட்டும் செருகப்பட்டிருக்கும்.

வீட்டில் மின்கசிவுக்கு அணையும் பிரேக்கர் இருப்பது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஈரத்தால் கசியும் மின்சாரத்தை அது கண்டுபிடிக்கும். கம்பி பாதி அறுந்து பொறி பறப்பது அதற்குத் தெரியாது.

துவைக்கலாம் என்று சீட்டில் இருந்தால் மட்டும், கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் மென்சுற்றில் துவையுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. பிளீச்சிங் கூடாது, டிரை கிளீனிங் கூடாது. கரைப்பான்கள் கம்பியின் உறையைக் கெடுக்கும். அந்துருண்டையும் அதே காரணத்துக்காக வேண்டாம். போர்வையை ஓடவிட்டு உலர்த்துவது எல்லாவற்றையும்விட மோசம். கொடியில் போடும்போது கிளிப் மாட்டாமல், இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே தொங்கவிடுங்கள். குளிர்காலம் முடிந்ததும் சுருட்டியோ தளர்வாக மடித்தோ அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், அதன்மேல் எதையும் அடுக்காதீர்கள்.

பழையது கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். எப்படி மடித்து வைக்கப்பட்டது என்று வெளியிலிருந்து தெரியாது. தடவும்போது கம்பி நெடுகப் பயறு அளவில் கட்டிகட்டியாகத் தட்டுப்பட்டால் அது தனித்தனித் தெர்மோஸ்டாட் வைத்த பழங்காலத்து வகை. புதிதாக வாங்கிய போர்வையும் 10 ஆண்டு தாண்டினால், நன்றாக ஓடினாலும் கழித்துவிட வேண்டியதுதான். தைத்த சீட்டில் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் அழியாத பேனாவால் எழுதி வையுங்கள். கழிக்கும் நாளில் பிளக்கை வெட்டிவிட்டுப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துச் செருகாமல் இருக்க.